உடலை ஆளும் கணக்கு – 9: மூச்சின் அலை

1818இல் வெளியான டப்ளின் மருத்துவமனை அறிக்கைகளில் ஜான் செய்ன் என்ற மருத்துவர் தம் நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். நோயாளிக்கு 60 வயது. உட்கார்ந்தே காலம் கழித்தவர், விருந்துச் சாப்பாட்டில் விருப்பம் உள்ளவர். பக்கவாதம் தாக்கிப் படுக்கையில் விழுந்தார். கடைசி எட்டொன்பது நாட்கள் அவருடைய மூச்சு விசித்திரமாக இருந்தது. கால் நிமிடத்துக்கு மூச்சே இல்லை. பிறகு காதை வைத்துக் கேட்டால்தான் தெரியும் அளவுக்கு மெல்லத் தொடங்கும். படிப்படியாக ஆழமாகி, வேகமாகி, மார்பு ஏறி இறங்கும் அளவுக்குப் போகும். பிறகு அதே படிகளில் இறங்கி நின்றுவிடும். ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் சுமார் 30 மூச்சுகள்.

செய்னிடம் இருந்த கருவிகள் ஒரு கடிகாரமும் இரண்டு காதுகளும்தான். ஸ்டெதஸ்கோப் பாரிஸில் அப்போதுதான் பிறந்திருந்தது. ஆனால் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்து நொடி நொடியாக எண்ணியிருக்கிறார். இன்றைக்கு உறக்க ஆய்வுக்கூடத்தில் கணினித் திரையில் ஓடும் வரைபடத்தை அந்தச் சில வரிகளோடு வைத்துப் பாருங்கள். ஓர் எண்ணைக்கூட மாற்ற வேண்டியிருக்காது.

நோயாளி இறந்த பிறகு உடலைத் திறந்து பார்த்தார்கள். இதயம் வீங்கி, அதன் தசையில் கொழுப்பு படிந்திருந்தது. இதயமும் கெட்டிருக்கிறது, மூளையும் கெட்டிருக்கிறது. மூச்சின் அலைக்கு இரண்டில் எது காரணம்? செய்ன் அதற்கு விடை சொல்லவில்லை. அதே டப்ளினில், அதே மீத் மருத்துவமனையில் பின்னாளில் பணியாற்றிய வில்லியம் ஸ்டோக்ஸ், 1854இல் இதய நோய்கள் பற்றித் தாம் எழுதிய பெரிய நூலில் இந்த மூச்சைப் பலவீனமான இதயத்தின் அடையாளம் என்று சேர்த்தார். அதனால் இதற்குச் செய்ன்–ஸ்டோக்ஸ் மூச்சு என்று பெயர்.

வீட்டில் பெரியவர்களின் கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியாததல்ல. மூச்சு நின்றுவிட்டது என்று சுற்றி நிற்பவர்கள் அழத் தொடங்கும்போது ஒரு பெருமூச்சு வரும். எல்லோரும் மறுபடி கட்டிலை நெருங்குவார்கள். ‘இழுத்துக்கொண்டிருக்கிறது’ என்று உறவினர்களுக்குத் தகவல் போகும். மரணத்தின் வாசலில் மட்டுமே வரும் மூச்சு என்றுதான் ஐரோப்பிய மருத்துவர்களும் நெடுங்காலம் நினைத்தார்கள்.

அந்த எண்ணத்தை மலை உடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய உடலியலாளர் ஆஞ்சலோ மோஸ்ஸோ, ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன்டே ரோசா சிகரத்துக்கு ஆட்களை அழைத்துச் சென்று, அவர்கள் தூங்கும்போது மார்பின் அசைவைப் பதிவு செய்தார். மூளையிலும் இதயத்திலும் எந்தக் குறையும் இல்லாத திடமான மனிதர்கள் அவர்கள். அவர்களுடைய மூச்சும் ஏறியது, இறங்கியது, நின்றது, மறுபடி தொடங்கியது. சாகக் கிடப்பவருக்கும் மலையில் தூங்குபவருக்கும் பொதுவானது எது?

பாதி விடையைத் தந்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். ஆக்ஸ்ஃபோர்டில் ப்ரீஸ்ட்லி என்பவருடன் சேர்ந்து 1905இல் அவர் காட்டியது இது: இயல்பான நிலையில் மூச்சை நடத்துவது ஆக்ஸிஜன் அல்ல, கரியமில வாயு. நுரையீரல் காற்றறைகளில் அது வெறும் 0.2 சதவீதம் கூடினாலே உள்ளே போய்வரும் காற்றின் அளவு இரட்டிப்பாகிறது. அவ்வளவு கூர்மையான கட்டுப்பாடு. 1909இல் ஹால்டேனும் டக்ளஸ் என்பவரும் தங்கள் உடலிலேயே சோதித்தார்கள். இரண்டு நிமிடம் வேண்டுமென்றே வேகவேகமாக மூச்சு விட்டார்கள். கரியமில வாயு வெளியேறிவிடுவதால், நிறுத்தியதும் மூச்சுவிடும் உந்துதலே வரவில்லை. ஏறத்தாழ இரண்டு நிமிடம் மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்த மூச்சு நேராக வரவில்லை. செய்ன் எழுதிய அதே அலையாக வந்து, சிறிது நேரம் ஆடிவிட்டு அடங்கியது. நலமான உடலிலும் அந்த அலை ஒளிந்திருக்கிறது, தட்டினால் வெளியே வருகிறது என்பது அன்று தெரிந்தது. ஏன் வருகிறது என்று சொல்ல உடலியலில் அப்போது கணக்கு இல்லை.

அந்தக் கணக்கு தொலைபேசிக் கம்பிகளிலிருந்து வந்ததைச் சென்ற இதழில் பார்த்தோம். 1927இல் ஹட்சன் ஆற்றைப் படகில் கடக்கும்போது ஹரால்டு பிளாக் ஒரு செய்தித்தாளின் மேல் வரைந்த பின்னூட்ட மின்பெருக்கியும், அது ஏன் சில சமயம் ஊளையிடுகிறது என்று 1932இல் ஹாரி நைக்விஸ்ட் கண்ட விதியும் நினைவிருக்கும். அந்த விதியிலிருந்து இங்கே நமக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, பிழையைக் கண்டதும் அமைப்பு எவ்வளவு கடுமையாகத் திருத்துகிறது என்பது. பொறியாளர்கள் இதைக் ‘கெயின்’ என்பார்கள். மற்றொன்று, பிழை நடந்த நேரத்துக்கும் அது தெரியவரும் நேரத்துக்கும் இடையே உள்ள தாமதம். கடுமையும் தாமதமும் சேர்ந்து ஓர் எல்லையைத் தாண்டினால், திருத்த வந்த கையே ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும்.

கண்மாய்ப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கடைமடையில் தண்ணீர் போதவில்லை என்ற சேதி மடை பார்ப்பவருக்கு வந்து சேரவே நேரமாகும். அவர் மடையை முழுக்கத் திறப்பார். தண்ணீர் கடைசி வயலை எட்ட இன்னும் நேரமாகும். அது எட்டி, வரப்பு உடையும் அளவுக்குப் பெருகி, ‘போதும்’ என்ற சேதி திரும்பி வரும்வரை மடை திறந்தே இருக்கும். பதறி அடைப்பார், கடைசி வயல் மறுபடி காயும். மடையிலும் பழுதில்லை, வாய்க்காலிலும் பழுதில்லை, ஆளும் பொறுப்பானவர்தான்.

உடலில் அந்த வாய்க்கால் இரத்த ஓட்டம். நுரையீரலில் கரியமில வாயு எவ்வளவு இருக்கிறது என்பது மூளைக்கு நேராகத் தெரியாது. நுரையீரலைத் தொட்ட இரத்தம் இதயத்தின் இடப்பக்கத்துக்கு வந்து, அங்கிருந்து தள்ளப்பட்டு, கழுத்துத் தமனியில் ஏற வேண்டும். அங்கே அரிசியளவுள்ள வேதி உணர்விகள் அதைச் சோதிக்கின்றன. இவை செயல்படும் விதத்தைக் கண்டறிந்ததற்காகத்தான் பெல்ஜியத்தின் கார்னே ஹைமான்ஸுக்கு 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. மூளைத்தண்டில் இன்னொரு சோதனைச் சாவடி உண்டு. நலமானவருக்கு நுரையீரலிலிருந்து இங்கே வந்துசேரச் சுமார் 10 நொடிகள் ஆகும். இதயம் தளர்ந்தால் அது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கூட ஆகலாம். மூளை பார்ப்பது எப்போதும் பழைய செய்தி. இதயம் தளரத் தளர அது இன்னும் பழையதாகிறது.

மூச்சை இப்படி ஒரு பின்னூட்டச் சுற்றாகக் கணிதத்தில் எழுதியவர்களில் முன்னோடி, சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ரெட் கிரோடின்ஸ். 1954இல் அவரும் தோழர்களும் வெளியிட்ட கட்டுரையில், நுரையீரலும் திசுக்களும் ஆளப்படும் பகுதி என்றும் மூளையின் மூச்சு மையம் ஆளும் பகுதி என்றும் பிரித்து, இரண்டையும் அம்புக்குறிகளால் இணைத்துச் சமன்பாடு எழுதினார்கள். உடலியல் இதழைப் பிரித்த மருத்துவர்களுக்கு அந்தப் படம் வானொலிப் பெட்டியின் சுற்றுப்படம் போலத் தெரிந்திருக்கும். கட்டுப்பாட்டுக் கோட்பாடும் உயிரியல் அமைப்புகளும் என்ற பொருளிலேயே 1963இல் கிரோடின்ஸ் எழுதிய நூல்தான் இந்தத் துறையில் ஒரு தலைமுறைக்குப் பாடநூலாக இருந்தது.

காகிதத்தில் இருந்ததை உடலில் செய்து காட்டியவர் ஆர்தர் கைட்டன். தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முதலாண்டு படித்த யாரிடமும் இந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்தத் தடித்த உடலியல் புத்தகத்துக்குப் பெயரே ‘கைட்டன்’தான். அதை எழுதியவரின் கதை மாணவர்களுக்கு அநேகமாகத் தெரிவதில்லை.

மிசிசிப்பி மாநிலத்தில் 1919இல் பிறந்தவர். ஹார்வர்டில் மருத்துவம் படித்து அறுவை சிகிச்சை நிபுணராகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். 1946இல், 27 வயதில், போலியோ தாக்கியது. வலது காலும் இடது கையும் இரண்டு தோள்களும் செயலிழந்தன. அறுவை அரங்கில் நிற்கும் வாழ்க்கை அத்தோடு முடிந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸில், ரூஸ்வெல்ட் பெயரோடு இணைத்து அறியப்பட்ட அதே மறுவாழ்வு இல்லத்தில், மாதக்கணக்கில் கிடந்தார். அங்கே இருந்தபோதே ஒற்றைக் கைப்பிடியால் இயக்கும் மின்மோட்டார் சக்கர நாற்காலி ஒன்றை வடிவமைத்தார். நோயாளியைத் தூக்கும் கருவி, கால் தாங்கிகள் ஆகியவையும் உண்டு. இவற்றுக்காக அமெரிக்க அதிபரின் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. பிறகு ஊர் திரும்பி, மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் உடலியல் கற்பித்தார். பெரிய பல்கலைக்கழகங்களின் வெளிச்சம் படாத அந்த இடத்தில், 1955இல் ஜாக்சன் நகருக்கு இடம்மாறிய மருத்துவக் கல்லூரியில், உலகத்தின் முதன்மையான உடலியல் ஆய்வுக்கூடங்களில் ஒன்று உருவானது. முதல் எட்டுப் பதிப்புகள் வரை அந்தப் பாடநூலை அவர் ஒருவரே எழுதினார். தன் உடலின் பாதி சொன்னபடி கேட்காத ஒருவர், உடல் தன்னைத் தானே ஆளும் விதத்தை உலகத்துக்கே கற்பித்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

பாடநூலின் முதல் பதிப்பு வெளிவந்த 1956ஆம் ஆண்டிலேயே செய்ன்–ஸ்டோக்ஸ் சோதனையும் வெளியானது. க்ரோவெல், மூர் ஆகியோருடன் செய்தது. மயக்க மருந்து கொடுத்த நாய்களில், இதயத்திலிருந்து தலைக்குப் போகும் இரத்தத்தை நீண்ட குழாய் வழியாகச் சுற்றிப் போகவைத்தார்கள். இதயத்தைத் தொடவில்லை, மூளையைக் காயப்படுத்தவில்லை. செய்தி போகும் வழியை மட்டும் நீளமாக்கினார்கள். தாமதம் போதுமான அளவு கூடியதும் பல நாய்களின் மூச்சு ஏறி, இறங்கி, நின்று, மறுபடி ஏறத் தொடங்கியது. அந்த உயிர்களை நினைக்காமல் இந்தப் பக்கத்தைக் கடக்க முடியவில்லை. ஆனால் 138 ஆண்டுகளாக இதயமா மூளையா என்று நடந்த வழக்குக்கு இங்கேதான் தீர்ப்பு எழுதப்பட்டது. நோய் எந்த உறுப்பிலும் இல்லாமல், உறுப்புகளுக்கு இடையே உள்ள கால இடைவெளியில் இருக்க முடியும்!

தீர்ப்பில் ஓர் ஓட்டை இருந்தது. நாய்களுக்குத் தேவைப்பட்ட தாமதம், எந்த இதய நோயாளியிடமும் காணப்படாத அளவு பெரியது. தாமதம் மட்டுமே காரணமென்றால் இதயம் தளர்ந்த மனிதர்களுக்கு இந்த மூச்சு வரவே கூடாது. அங்கேதான் கெயின் கைகொடுத்தது. கைட்டனின் ஆய்வுக்கூடத்திலேயே ஹோவர்டு மில்ஹார்ன் 1965இல் அனலாக் கணினியில் இந்தச் சுற்றை ஓட்டிப் பார்த்தார். மறு ஆண்டே லாங்கோபார்டோ, செர்னியாக், ஃபிஷ்மன் மூவரும் முழுமையான கணித மாதிரியில் அதே அலையை உண்டாக்கினார்கள். இதயம் தளர்ந்தவரின் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு எப்போதும் தூண்டப்பட்டே இருக்கிறது. வேதி உணர்விகளும் வழக்கத்தைவிடக் கூர்மையாகிவிடுகின்றன. எனவே கொஞ்சம் தாமதம் கூடினாலே எல்லை தாண்டிவிடும்.

மோஸ்ஸோவின் மலைவாசிகளும் இதே சமன்பாட்டுக்குள் வந்து அமர்ந்தார்கள். மலையில் இருப்பவரின் இதயம் நன்றாக ஓடுகிறது, தாமதம் குறைவு. ஆனால் ஆக்ஸிஜன் பற்றாக்குறை கெயினை ஏற்றிவிடுகிறது. ஆகவே அலை உண்டு, ஆனால் குட்டை அலை: ஏறத்தாழ 20 நொடிக்கு ஒரு சுற்று. இதய நோயாளிக்கோ தாமதம் நீளம், ஆகவே அலையும் நீளம்: ஒரு நிமிடத்தை ஒட்டி. அலையின் நீளத்தை எண்ணினாலே இரத்தம் எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று ஊகிக்கலாம். செய்ன் தம் கடிகாரத்தில் அளந்த அந்த ஒரு நிமிடம், அவர் அறியாமலேயே நோயாளியின் இதயத்தைப் பற்றிய அளவாகவும் இருந்தது. லே, லடாக் போகிறவர்கள் மருத்துவர் சொல்லி விழுங்கும் டயமாக்ஸ் மாத்திரை, இரவில் இந்தக் குட்டை அலையையும் தணிக்கிறது.

இதே ஆண்டுகளில் கண்ணிலும் ஒரு சோதனை நடந்தது. அழகானது, யாருக்கும் துன்பமில்லாதது. நரம்பியல் மருத்துவர் லாரன்ஸ் ஸ்டார்க், மெல்லிய ஒளிக்கற்றை ஒன்றைக் கண்மணியின் நடுவில் விடாமல் சரியாக விளிம்பில் விழச் செய்தார். ஒளி பட்டதும் கண்மணி சுருங்கும். சுருங்கினால் விளிம்பு நகர்ந்து ஒளி முழுவதும் வெளியே விழும். உள்ளே இருட்டு. உடனே விரியும், மறுபடி ஒளி உள்ளே. கெயினை இப்படிச் செயற்கையாக ஏற்றியதும் கண்மணி நொடிக்கு ஏறத்தாழ ஒரு முறை என்ற கணக்கில் சுருங்கி விரிந்துகொண்டே இருந்தது. முன்கூட்டியே போட்ட கணக்கும் அந்த வேகத்தையே சொல்லியிருந்தது.

பிறகு 1977. மாண்ட்ரியாலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் மேக்கி, லியோன் கிளாஸ் இருவரும் ‘சயன்ஸ்’ இதழில் மூன்று பக்கக் கட்டுரை ஒன்று எழுதினார்கள். ஒரே வகையான இரண்டு சமன்பாடுகள். முதலாவது மூச்சுக்கு: கடந்துபோன ஒரு நொடியின் கரியமில வாயு, இப்போதைய மூச்சைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது இரத்த வெள்ளணுக்களுக்கு. எலும்பு மஜ்ஜையில் ஓர் அணு முதிர்ந்து இரத்தத்துக்கு வர நாட்கள் ஆகும். அங்கே தாமதம் நொடிகளில் இல்லை, நாட்களில். நாட்பட்ட இரத்தப் புற்றுநோய் கொண்ட 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் வெள்ளணு எண்ணிக்கை மாதக்கணக்கில் ஏறி இறங்கிய பதிவு ஒன்று மருத்துவ இலக்கியத்தில் இருந்தது. தாமதத்தைக் கூட்டியபோது அவர்களுடைய இரண்டாம் சமன்பாடு முதலில் ஒழுங்கான அலையைக் கொடுத்தது. இன்னும் கூட்டியபோது ஒழுங்கே இல்லாத, ஒருபோதும் திரும்ப வராத ஆட்டத்தைக் கொடுத்தது. எந்தப் பகுதியும் அழியாமல், ஓர் எண் மாறியதாலேயே உண்டாகும் இப்படிப்பட்ட நோய்களை ‘இயக்க நோய்கள்’ என்றார்கள். அந்த இரண்டாம் சமன்பாடு பின்னாளில் வேறொரு வீட்டிலும் குடியேறியது: செயற்கை நரம்பு வலைப்பின்னல்களின் கணிக்கும் திறனைச் சோதிக்க இன்றும் அதைத்தான் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

அலையின் காரணம் தெரிந்தாயிற்று. அதை அடக்கினால் நோயாளி பிழைப்பாரா? இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் செய்ன்–ஸ்டோக்ஸ் மூச்சு உடையவர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்பது தெரிந்ததே. ஆகவே மூச்சைச் சீராக்கினால் ஆயுள் கூடும் என்ற நம்பிக்கை இயல்பாகவே வந்தது. கட்டுப்பாட்டு விதிகளையே கருவியாக்கினார்கள்: தூங்குபவரின் முகமூடி வழியாக ஒவ்வொரு மூச்சையும் அளந்து, மூச்சு தேயும்போது அழுத்தத்தைக் கூட்டி, பெருகும்போது குறைக்கும் இயந்திரம். சுருக்கமாக ஏ.எஸ்.வி. கருவி சொன்னதைச் செய்தது. முதல் சில இரவுகளிலேயே அலை மறைந்தது. வரைபடம் நேர்கோடு போல அமைதியானது.

சர்வ்-ஹெச்.எஃப். என்ற பெரிய ஆய்வில் 1,325 நோயாளிகள் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் இரத்தத்தின் விகிதம் 45 சதவீதமோ அதற்குக் கீழோ. பாதிப் பேருக்குக் கருவி, மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். முடிவு 2015இல் வந்தது. கருவி வைத்தவர்களில் 34.8 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், வைக்காதவர்களில் 29.3 சதவீதம். இதயம் சார்ந்த மரணங்கள் 29.9க்கு 24. மூச்சு சீரானது, இறப்பு கூடியது. உலகெங்கும் இத்தகைய நோயாளிகளின் முகத்திலிருந்து அந்த முகமூடியை எடுக்கச் சொல்லி மருத்துவர்களுக்கு எச்சரிக்கை போனது.

கருவி கொடுத்த அழுத்தமே தளர்ந்த இதயத்துக்குள் இரத்தம் வருவதைக் குறைத்திருக்கலாம் என்கிறார்கள் சிலர். இன்னும் சிலர், இந்த அலையே உடல் தேடிக்கொண்ட ஏற்பாடாக இருக்கலாம் என்கிறார்கள்: மூச்சுத் தசைகளுக்கு இடையிடையே ஓய்வு, இரத்தத்தில் அமிலம் சேராமல் ஒரு பாதுகாப்பு. 1954 முதல் எழுதப்பட்ட சமன்பாடுகளில் எதுவும் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அலை எப்படிப் பிறக்கிறது என்று அவை துல்லியமாகச் சொன்னன. அலை நோயாளிக்கு நல்லதா கெட்டதா என்பதை நோயாளியிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. இந்தத் துறையின் எழுபது ஆண்டுக்கால வரலாற்றில் இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

2024இல் வெளியான அட்வென்ட்-ஹெச்.எஃப். ஆய்வில், வேறு விதமாக அழுத்தம் தரும் கருவியை 731 பேரிடம் சோதித்தார்கள். அதில் மரணம் கூடவில்லை, குறையவும் இல்லை. தூக்கமும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. வழக்கு இன்னும் நடக்கிறது.

இதைப் படிப்பவர்களில் யாருடைய வீட்டிலாவது இதயம் பலவீனமான ஒருவருக்கு இரவில் மூச்சுக் கருவி வைக்கச் சொல்லியிருந்தால், இரண்டு கேள்விகளை மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். எக்கோ அறிக்கையில் ‘ஈ.எஃப்.’, அதாவது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் இரத்தத்தின் விகிதம், எவ்வளவு? தரப்போவது ஒரே சீரான அழுத்தம் தரும் சி-பாப் கருவியா, ஏ.எஸ்.வி. கருவியா? ஏற்கெனவே கருவி பயன்படுத்துகிறவர்கள் தாமாக நிறுத்திவிடாமல், அறிக்கையோடு போய்க் கேளுங்கள்.

(தொடரும்)